மாதிரிக்கு ஒரு மச்சான்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு எங்கள் நிலையத்தைக் கட்டியது. இடையில் நடந்தவற்றைச் சரித்திர ஆசிரியர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

நோயைக் குணப்படுத்தும் இடங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அதில் என்ன பெருமை? யாருக்கோ தானாக வந்த நோயை வேறு யாரோ விரட்டுகிறார்கள். எங்கள் 'நோய்த் தோற்ற ஆய்வு நிலையம்' அப்படித் தானாக வரும் நோயை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. வேண்டிய நோயை நாங்களே உண்டாக்கிக்கொள்கிறோம். முதலில் எலிக்கு, பிறகு கண்ணாடித் தட்டில் வளரும் செல்லுக்கு. நோய் எங்கே தொடங்குகிறது, எப்படி வளர்கிறது, எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறது என்று கூடவே நடந்து போய்ப் பார்க்கிறோம். நடுவில் புகுந்து தடுப்பதில்லை. விருந்தாளியை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவது நாகரிகமா?

இந்த மகத்தான நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி அடியேன். மக்களுக்கும் நிலையத்துக்கும் எந்தத் தொடர்பும் ஏற்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதில் இதுவரை என் மீது ஒரு புகாரும் வந்ததில்லை. வர வழியே வைக்கவில்லை.

எங்கள் இதயப் பிரிவுக்குத்தான் முதலில் சோதனை வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இதயம் ஏன் திடீரென்று தாளம் தப்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எலிகளின் இதயம் தாளம் தப்பியாக வேண்டும். எலிகள் ஒத்துழைக்கவில்லை. கொழுப்புத் தீனி போட்டோம், பளபளவென்று ஆயின. தூங்கும் நேரத்தில் விளக்கைப் போட்டோம். வெளிச்சத்திலேயே தூங்கப் பழகின. கூண்டுக்குப் பக்கத்தில் இரும்புத் தகரத்தைத் தட்டினோம்; தட்டிய உதவியாளருக்குக் காது மந்தமானது. இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

"எலி நம்மள அவமானப்படுத்துது" என்றார். "இதுங்களுக்குக் கவலைன்னு ஒண்ணு வரவே வராதா?"

"பதவி உயர்வு தர்றதா சொல்லிட்டுத் தராம இருந்து பார்க்கலாமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதத்தான் ஊழியர்கள்கிட்ட பண்ணிட்டிருக்கோமே. நல்ல பலன். ஆனா அவங்கள அறுத்துப் பார்க்க அனுமதி கிடைக்கல."

ஆகவே எலியைக் கைவிட்டு மனிதனுக்கே முன்னேறுவது என்று தீர்மானம் ஆனது. பதற வேண்டாம், முழு மனிதன் தேவையில்லை. தாளம் தப்பும் இதயம் உள்ள ஒருவரிடம் ஒரு குப்பி ரத்தம் வாங்கினால் போதும். அந்த ரத்தத்தில் இருக்கும் செல்களை நைச்சியமாகப் பேசிக் குழந்தைப் பருவத்துக்குத் திருப்பி அழைத்துப் போய், "இனி நீங்கள் இதயமாக வளருங்கள்" என்று வழிகாட்டினால், அவை தட்டிலேயே ஒன்றோடு ஒன்று சேர்ந்து துடிக்கத் தொடங்கும். ஆளுடைய இதயம் ஆளிடமே இருக்கும். அதன் நகல் எங்களிடம் இருக்கும். இதற்கு 'மாதிரி' என்று பெயர்.

மாதிரிக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டிலேயே ஒருவன் இருப்பது எனக்கு நினைவு வந்தது. என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ பெரிய மனிதர்களை மேலே கொண்டுவந்தவன். தான் மட்டும் எப்போதும் லிஃப்டின் அடிப்பள்ளத்தில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவன். கொஞ்ச காலமாக அவன் நெஞ்சு ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததை இரண்டாகச் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தது. ஓரிரு தடவை நின்ற நிலையிலேயே கண் இருட்டிச் சாய்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

"லிஃப்டும் இப்படித்தான் அத்தான்" என்பான். "நாங்க போய் நிக்கிற வரைக்கும் மக்கர் பண்ணும். நாங்க நின்னா ராஜா மாதிரி ஓடும்."

அன்று அவன் எங்கள் வீட்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, "அத்தான், நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு" என்றான்.

எனக்குப் புல்லரித்தது. "என்ன சொன்னே? ஒரு மாதிரியா?"

"ஆமா அத்தான். ஒரு மாதிரியாத்தான்."

"ஒண்ணு போதும் மச்சான். எங்க டைரக்டர் ஒண்ணுதான் கேக்குறார்."

விவரத்தைச் சொன்னேன். அடுக்களையிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்தாள். "என் தம்பிய உங்க ஆபீஸ்ல எலியாக்கப் போறீங்களா?"

"சேச்சே! எலிக்குத் தகுதி பத்தலைன்னுதான் இவனைக் கேக்குறோம்."

"இதனால அவனுக்கு என்ன லாபம்?"

"அறிவியலுக்கு லாபம்."

"இவன் கண்ணு இருட்டி விழுறப்போ உங்க அறிவியல் ஓடி வந்து பிடிச்சுக்குமா?"

"விடுக்கா" என்றான் மச்சான். "ஒரு குப்பி ரத்தம்தானே. அத்தான் ஆபீஸ்ல லிஃப்ட் காண்ட்ராக்ட் நம்ம கம்பெனிதான். நல்ல பேரா இருக்கட்டும்."

ரத்தம் கொடுத்தான். கொடுத்த கணத்தில் அவன் மச்சான் என்ற நிலையிலிருந்து 'ஏழு' என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டான். முதல் ஆறு எண்களும் எலிகளுக்குப் போயிருந்தன. கொடையாளரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பது எங்கள் நிலையத்தின் உயிர்மூச்சு. ஏழு யார் என்பது அன்று முதல் யாருக்கும் தெரியாது. அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்து, ஊசி குத்தும்போது "அங்க பார்க்காதே, என்னைப் பாரு" என்று சொன்ன எனக்கும் தெரியாது. தெரியாது என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செல் வளர்க்கும் கூடத்தில் ஓர் அம்மையார் இருந்தார். இரவும் பகலும் தட்டுகளோடு பழகுகிறவர் என்பதால் 'தட்டம்மா' என்று பெயர் நிலைத்துவிட்டது. "உள்ளே தட்டம்மா இருக்காங்க" என்று காவலாளி சொன்னால், புது விருந்தினர்கள் 'தட்டம்மை' என்று காதில் வாங்கி, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். மற்றபடி நல்ல படிப்பாளி. ஏழாம் எண் தட்டை அவர் வளர்த்த அழகைப் பார்க்க வேண்டுமே! உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டி. ஞாயிற்றுக்கிழமையும் செல்லுக்குப் புது ஊட்டச் சாறு. பெட்டியின் சூடு ஒரு நூல் இறங்கினாலும் கட்டடமே அலறும்படி அபாய மணி. மச்சான் ஒரு நாள் லீவு கேட்டால் அவன் கம்பெனியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவனுடைய இதயத்தின் நகலுக்கு முழு நேர உதவியாளர்கள் இருந்தார்கள்.

ஒரு நாள் காலை அது துடித்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கடுகில் பாதி கூட இராத ஒரு துணுக்கு, கூம்பி, விரிந்து, கூம்பி, விரிந்து, தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், "டேய், நல்லா இருக்கியாடா" என்று கேட்டுவிட்டேன். பிறகு, யாரென்று தெரியாத ஒருவரின் செல்லை அப்படி அழைத்ததற்காகச் சுற்றியிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இயக்குநர் பெரிய மனிதர்களை அழைத்து வந்து காட்டினார். "இது நோயாளியை விட உயர்ந்த நோயாளி" என்று உரையாற்றினார். "சந்தேகம் கேட்காது. சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வராது. 'எப்போ டாக்டர் சரியாகும்'னு சட்டையப் பிடிக்காது." எல்லோரும் கைதட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால், தட்டு ஒழுங்காகத் துடித்தது. ஒரு தடவை கூடத் தாளம் தப்பவில்லை.

"நோயாளிகிட்டேர்ந்து எடுத்தது எப்படிய்யா இவ்வளவு நல்லா இருக்கும்?" என்று இயக்குநர் பொருமினார். "நன்றி கெட்ட செல்!"

காப்பியின் சத்தை ஊற்றிப் பார்த்தார்கள். சர்க்கரை, உப்பு, புகையிலைச் சத்து எல்லாம் ஊற்றினார்கள். தட்டு அசைந்து கொடுக்கவில்லை. அப்போதுதான் தட்டம்மா ஒரு யோசனை சொன்னார்.

"சார், ஏழு தினமும் என்னென்ன சாப்பிடுறார்னு தெரிஞ்சா, அதையெல்லாம் ஒண்ணொண்ணாப் போட்டுப் பார்க்கலாம்."

"ஏழு யாருன்னு நமக்குத் தெரியாதேம்மா."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கூரையைப் பார்த்தார்கள்.

"பி.ஆர்.ஓ. சார்" என்றார் இயக்குநர், "நாட்டுல ஒரு பொதுவான மனுஷன் பொதுவா என்ன சாப்பிடுறான்னு பொதுவா விசாரிச்சுட்டு வாங்களேன்."

பொதுவாக வீட்டுக்குப் போனேன். பொதுவாக மச்சானிடம் கேட்டேன். டீ, ரொட்டி, அக்கா சமைத்தது, அக்கா சமைக்காதபோது மறுபடியும் ரொட்டி. "அப்புறம் தும்மல் மாத்திரை" என்றான். லிஃப்ட் பள்ளத்துத் தூசி அவன் மூக்குக்கு ஆகாது. தினமும் ஒன்று போடுவான். தூசி அதிகமென்றால் இரண்டு. ஊழியர் குடும்பங்களுக்காக எங்கள் நிலையத்திலேயே ஒரு மருத்துவ அறை இருக்கிறது. அங்கேதான் அத்தான் பெயரைச் சொல்லி வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்த மாத்திரையைக் கரைத்துத் தட்டில் ஒரு சொட்டு விட்டார் தட்டம்மா. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் துணுக்கு ஒரு துடிப்பை விழுங்கியது. அடுத்ததை இரண்டாக அடித்தது. திடீரென்று துரத்தப்பட்டது போல் படபடவென்று ஓடியது. நின்றது. நாங்களும் நின்றோம். மூச்சையும் நிறுத்திக்கொண்டு. பிறகு, போனால் போகிறதென்று, மெல்ல மறுபடி துடித்தது. மருந்தைக் கழுவிவிட்டார், ஒழுங்கானது. மறுபடி விட்டார், மறுபடி அதே கூத்து.

"எல்லாருக்கும் இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது சார்" என்றார் தட்டம்மா. "பிறக்கும்போதே உள்ளுக்குள்ள ஒரு சின்னக் குறையோட இருக்கிற இதயம்னா மட்டும் இது தள்ளி விட்டுடும். இவருக்கு நோயே இதுதான். மாத்திரைய நிறுத்தினாப் போதும்."

சொல்லும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. இயக்குநரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "நோய் உருவாகிறதக் கண்ணால பார்த்துட்டோம்! மனுஷ நோய், மனுஷ செல்லுல! உலக மாநாட்டுல இதத்தான் வெளியிடறோம். அது வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. முன்னாடியே வெளியில தெரிஞ்சா பழைய செய்தி. பழைய செய்திக்கு எவன் விருது குடுப்பான்?"

மாநாட்டு நாளன்று வெளியிடுவதற்கான செய்திக் குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தட்டம்மா கொடுத்த தகவல்களையெல்லாம் போட்டு, அலங்காரமாக எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு என் வீட்டில் நிலவிய சூழலை 'இக்கட்டான நிர்வாகச் சூழல்' என்று குறிப்பிடலாம். மச்சான் மாலையில் வருவான். தும்முவான். சட்டைப் பையில் கை விடுவான்.

"மச்சான், தும்மல் ரொம்ப நல்லது" என்பேன். "உள்ள இருக்கிற தூசி வெளிய வருது பாரு."

"போங்க அத்தான். பள்ளத்துக்குள்ள தும்மினா தலை பீம்ல இடிக்குது."

மாத்திரை அட்டையை எடுத்து ஒளித்து வைத்தேன். மறு நாள் புது அட்டை வாங்கி வந்தான். அதையும் ஒளித்தேன். என் தலையணைக்கடியில் மாத்திரை அட்டைகள் கிடப்பதைப் பார்த்த என் மனைவி, எனக்கு ஏதோ பெரிய வியாதி, அதை மறைக்கிறேன் என்று முடிவு கட்டி அழுதாள். சமாதானப்படுத்த வேறு வழியில்லாமல், "எனக்குத் தும்மல்" என்று சொல்லி அவள் முன்னால் ஐந்தாறு தடவை தும்மிக் காட்டினேன்.

இனித் தாங்காது என்று இயக்குநரிடம் போனேன். அவர் தட்டிக் கழிக்கவில்லை. உடனே அறநெறிக் குழுவைக் கூட்டினார். எங்கள் நிலையத்தில் அறநெறிக்குத் தனிக் குழுவே இருக்கிறது. ஆகவே மற்ற யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சட்ட ஆலோசகரும் வந்திருந்தார்.

"ஏழாம் எண்காரர்கிட்ட அந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லலாமான்னுதான் கேக்குறேன்" என்றேன்.

"தாராளமாச் சொல்லலாம்" என்றார் சட்ட ஆலோசகர். "யார் அவர்?"

"என் மச்சான் சார்."

அறையில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பி.ஆர்.ஓ. இப்போ சொன்னது யார் காதுலயும் விழலை" என்று இயக்குநர் அறிவித்தார். குழு ஒருமனதாக ஆமோதித்தது.

"சார், அவன் உயிரு—"

"எவன் உயிர்? அடையாளம் இல்லாதவருக்கு எப்படிங்க உயிர் இருக்கும்?" என்று சட்ட ஆலோசகர் அனுதாபத்தோடு கேட்டார். "நாம சொல்லிட்டா, நமக்கு அவரைத் தெரியும்னு ஆயிடும். தெரியும்னா ரகசியத்தை மீறிட்டோம்னு அவரே நம்ம மேல வழக்குப் போடலாம்."

"போட மாட்டான் சார். உயிரோட இருந்தா நன்றிதான் சொல்லுவான்."

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் இயக்குநர். "இன்னொண்ணும் யோசிங்க. ஏழு மாத்திரைய நிறுத்திட்டார்னா குணமாயிடுவார். அப்புறம் தட்டுல நோய் இருக்கும், ஆள்கிட்ட இருக்காது. நம்ம மாதிரி யாருக்குய்யா மாதிரி?"

இவ்வளவு ஆழமாக நான் யோசித்திருக்கவில்லை. முடிவு மாநாட்டுக்குப் பிறகு எடுக்கப்படும் என்று முடிவெடுத்துக் கலைந்தோம். மாநாடோ, நடக்கவிருந்த அரங்கத்தில் குளிர்சாதனம் கெட்டுப் போனதால் தள்ளிப் போயிற்று. அறிஞர்கள் வியர்க்கக் கூடாதல்லவா?

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுவிட்டது. மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பகல் முழுக்கப் பள்ளத்தில் கிடந்து, பெரிய சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு, செல் வளர்க்கும் கூடம் இருந்த மாடிக்கு ஏறி வந்து ஏணியின் கீழ்ப்படியில் நின்று லிஃப்ட் கதவைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு கண் அவன் மேலேயே இருந்தது. ஏணியைப் பிடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். தலையிலும் புருவத்திலும் வெள்ளையாகத் தூசி. "இன்னிக்கு ரெண்டு போட்டும் நிக்கலை அத்தான்" என்றான். அடுத்த தும்மலுக்கு வாயைத் திறந்தவன் தும்மவில்லை. அப்படியே என் மேல் சாய்ந்தான்.

தரையில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டாக்டர்! யாராவது டாக்டர் இருந்தா வாங்க!" என்று கத்தினேன்.

கதவுகள் திறந்தன. அந்த மாடியில் எல்லோருமே டாக்டர்கள்தான். வட்டமாகக் கூடி நின்றார்கள். அவர்களில் ஒருவர் கூடத் தட்டுக்கு வெளியே ஓர் இதயத்தைப் பார்த்ததில்லை. "ரொம்பப் பெரிசா இருக்காரே" என்று ஒருவர் முணுமுணுத்தார். "நுண்ணோக்கி கொண்டு வரவா?" என்று இன்னொருவர் கேட்டார்.

அந்த நேரத்தில் அபாய மணி அலறியது. மச்சான் அணைத்து வைத்த சுவிட்சால் ஏழாம் எண் பெட்டிக்கும் மின்சாரம் போய், சூடு ஒரு நூல் இறங்கிவிட்டது. "ஏழுக்கு ஆபத்து!" என்று கத்திக்கொண்டு வட்டம் கலைந்து கூடத்துக்குள் ஓடியது. நாற்காலி தடுக்கி ஒருவர் விழுந்தார். அவரைத் தாண்டி மற்றவர்கள் ஓடினார்கள். அர்ப்பணிப்பு என்றால் அது.

தட்டம்மா மட்டும் போகவில்லை. மண்டியிட்டு, இரு கைகளையும் கோத்து மச்சானின் நெஞ்சின் நடுவில் வைத்து, தன் எடையையெல்லாம் போட்டு அழுத்தத் தொடங்கினார். எங்கே கற்றாரோ தெரியாது. "ஆம்புலன்ஸ்! பார்த்துட்டு நிக்காதீங்க சார், போன் பண்ணுங்க!" என்று என்னை அதட்டினார். பண்ணினேன். எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் மச்சான் இருமினான். கண்ணைத் திறந்தான். எழுந்து உட்காரப் பார்த்தான். தும்மினான். பழக்க தோஷம், கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

தட்டம்மா அந்த அட்டையைப் பார்த்தார். ஏழாம் எண்காரரை அவர் பார்த்ததில்லை. மாத்திரையை நன்றாகத் தெரியும். வெடுக்கென்று பிடுங்கினார்.

"இதப் போடாதீங்க!"

"தும்மல்மா."

"தும்முங்க! ஊரே அதிரத் தும்முங்க! இத மட்டும் தொடாதீங்க!"

ஆம்புலன்ஸில் அவரும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர், "ஏதாவது மாத்திரை எடுத்துக்குறாரா?" என்று கேட்டபோது, நான் நிலையத்தின் ரகசியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தேன். தட்டம்மா அட்டையை மேசை மேல் போட்டு, எல்லாவற்றையும் சொன்னார். செய்தி கேட்டு ஓடி வந்த என் மனைவியும் கேட்டுக்கொண்டு நின்றாள். கேட்டு முடித்ததும் என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ஏழப் பத்தித்தான் தெரியும். இவனப் பத்தித் தெரியாது."

அவள் என்னை அடிக்கவில்லை. தம்பியின் கட்டிலருகே போய் உட்கார்ந்து, அவன் புருவத்தில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து நிலையத்தின் ரகசியக் காப்பு நடைமுறை எங்கள் வீட்டிலும் அமலுக்கு வந்தது. உப்பு எங்கே இருக்கிறது என்ற தகவல் கூட எனக்கு மறுக்கப்பட்டது.

மச்சான் பிழைத்துக்கொண்டான். மாத்திரையை விட்டான், மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான், நெஞ்சு அதன் பிறகு தாளம் தப்பவில்லை. தட்டம்மா மீது விசாரணை நடந்தது.

"நிலையத்தின் ரகசியத்தை ஏழாம் எண்காரருக்குச் சொல்லியிருக்கீங்க" என்றார் சட்ட ஆலோசகர்.

"நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிட்ட தும்மச் சொன்னேன். அவர்தான் ஏழுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

சட்ட ஆலோசகர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். குற்றம் நிரூபணமாகவில்லை. ஆகவே தட்டம்மா பாராட்டுரை வழங்கப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மச்சான் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கிறார். அங்கே விருந்தினர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. நோயாளிகள்தான் இருக்கிறார்கள்.

காலம் போகப் போக என் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். முதலில் பால்காரர் வந்ததைச் சொன்னாள். பிறகு எங்கள் மகளுக்குத் தேர்வு நெருங்குவதைச் சொன்னாள். நிலைமை சீராகிவிட்டது என்று நான் எண்ணியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் இயக்குநர் கையில் பெரிய பூங்கொத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். மாநாட்டுக்குப் புதுத் தேதி குறித்திருந்தார்கள்.

உட்கார்ந்தார். என் மனைவியின் கையில் பூங்கொத்தைக் கொடுத்தார்.

"உங்க தம்பி அறிவியலுக்குச் செஞ்சது சாதாரண சேவை இல்லைம்மா. ஆனா துரதிருஷ்டம், அவர் குணமாயிட்டார்."

"மன்னிச்சுக்குங்க" என்றாள் என் மனைவி.

"பரவாயில்ல, பரவாயில்ல. மாநாட்டுல காட்ட எங்களுக்கு எட்டாம் எண் ஒண்ணு தேவைப்படுது. ஒரு குப்பி ரத்தம். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"ஊருல இத்தன பேர் இருக்காங்க. என்கிட்ட ஏன் சார்?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க! இது கூடப் பிறந்தவங்களுக்கெல்லாம் இருக்கக் கூடிய குறையாச்சே. உங்களுக்கு இருக்கலாம். உங்க வழியா உங்க பொண்ணுக்கும் இருக்கலாம். பொண்ணு சம்மதிச்சா ஒன்பதாம் எண்ணையும் இந்த வீட்டுலயே முடிச்சுடலாம். வேற எந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?"

உள்ளறையில் மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"தட்டு தாளம் தப்பின அன்னிக்கே தெரியும்மா."

"எங்க யார்கிட்டயும் ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? எட்டு யாருன்னு எங்களுக்குத் தெரியாதே!" என்று நியாயமாகக் கேட்டார் இயக்குநர். பிறகு முகம் மலர என் பக்கம் திரும்பினார். "ஆனா எல்லாம் உங்க வீட்டுக்காரர் எழுதின செய்திக் குறிப்புலேயே இருக்கே! 'குருதி வழியே ஒரு குடும்பம் முழுவதும் கைகோத்து நடந்து வரும் குறை'ன்னு. அடடா! என்ன நடை! படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

என் எழுத்தை என் மேலதிகாரி நேருக்கு நேர் புகழ்ந்தது அதுவே முதல் முறை. அந்த வரியை நான் ரசித்து ரசித்துத்தான் எழுதினேன். எந்தக் குடும்பம் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. அது நல்ல நடையின் இலக்கணம்.

என் மனைவி எழுந்தாள். பூங்கொத்தை இயக்குநரிடமே திருப்பிக் கொடுத்தாள். வாசலுக்குப் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். இயக்குநர் இதை ஏதோ மரியாதை என்று எடுத்துக்கொண்டு, கும்பிட்டபடி வெளியேறினார். அவர் கார் தெருக்கோடியில் திரும்புகிற சத்தம் கேட்டது.

அவள் கதவை மூடவில்லை. வெளியே போக வேண்டிய அதிகாரி இன்னும் ஒருவர் உள்ளே பாக்கி இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.